சபை சேர்ந்து பாட: ஆராதனைக்குப் பாட்டு தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிறு காலை, மூன்றாவது பாட்டின் நடுவில் மின்சாரம் போய்விட்டது. கீபோர்டு, மைக், திரை எல்லாம் ஒரே நொடியில் அடங்கின. டிரம் வாசித்தவரும் திகைத்துக் கையை நிறுத்திவிட்டார். அப்போதுதான் கேட்டது: முன்னால் நின்ற நாங்கள் நான்கு பேரைத் தவிர யாருமே பாடிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பாட்டை ஆறு வாரமாகப் பட்டியலில் போட்டுவந்தவன் நான்தான். நன்றாகப் போகிறது என்றே நினைத்திருந்தேன். ஸ்பீக்கர் சத்தத்தில் சபையின் மௌனம் எங்கள் காதுக்கு எட்டவேயில்லை.

என்ன செய்வதென்று விழித்துக்கொண்டு நின்றபோது, பின் வரிசையிலிருந்து ஒரு பாட்டி பழைய கீர்த்தனை ஒன்றின் பல்லவியை எடுத்தார். இரண்டாவது அடிக்குள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நான்கு சரணமும் அவர்களுக்கு மனப்பாடம்.

பழைய பாட்டு உசத்தி, புதுப் பாட்டு மட்டம் என்று நிறுவ இதைச் சொல்லவில்லை. அன்று தோற்றுப்போன அதே புதுப் பாட்டை, ஸ்கேல் (சுருதி) இறக்கி, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த பிறகு சபை இப்போது தாராளமாகப் பாடுகிறது. மாறியது என் கேள்விதான். முன்பெல்லாம் "பாட்டு நன்றாக இருக்கிறதா?" என்று கேட்பேன். இப்போது "இதை இவர்கள் பாடுவார்களா? பாடினால் அது இவர்களுடைய ஜெபமாகுமா?" என்று கேட்கிறேன். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்.

பாடுவது யாருடைய வேலை?

கொலோசெயர் 3:16-ல் பவுல், "சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் போதித்து புத்திசொல்லிக்கொண்டு" என்று எழுதுகிறார். அந்த "ஒருவருக்கொருவர்" முக்கியம். முன்னால் நிற்பவர் பாட, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் ஏற்பாடு அதில் இல்லை.

இருந்தாலும் சபைகள் இதைத் திரும்பத் திரும்ப மறந்திருக்கின்றன. இடைக்கால ஐரோப்பாவில் ஆராதனைப் பாட்டு பெரும்பாலும் குருக்களிடமும் பாடகர் குழுவிடமும், அதுவும் லத்தீனில், ஒதுங்கிவிட்டது. ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் மக்கள் மொழியில் பாட்டு எழுதத் தொடங்கியபோது, 1524-ல் வந்த முதல் சிறு பாட்டுப் புத்தகத்தில் இருந்தவை எட்டே பாட்டுகள். அவற்றில் நான்கு அவருடையவை. இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் காலத்து ஜெனீவாவில் வேதாகமத்தின் 150 சங்கீதங்களும் பாடும் செய்யுளாக்கப்பட்டு 1562-ல் முழுத் தொகுப்பாக வந்தன. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1761-ல் பாடுவதற்கு ஏழு விதிகள் கொடுத்தார். எல்லாரும் பாடுங்கள் என்பது ஒன்று. மற்றவர் குரலுக்கு மேல் தனியாகத் தெரிய வேண்டும் என்று கத்தாதீர்கள் என்பது இன்னொன்று. இன்றைய ஒலிபெருக்கிக் குழுக்கள் இந்த இரண்டாவதைச் சுவரில் ஒட்டிவைக்கலாம். கத்தோலிக்கத் திருச்சபையிலும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, மக்கள் முழுமையாக, உணர்ந்து, செயலளவில் பங்கேற்க வேண்டும் என்றது.

ஆக, பாடகர் குழு தனியாகப் பாடும் சிறப்புப் பாடல் என்பது வேறு வகை. அதற்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அதில் எவ்வளவு கடினமான மெட்டு இருந்தாலும் சரி.

1. வாரத் தொடக்கத்திலேயே வேதபகுதியைக் கையில் எடுங்கள்

சனிக்கிழமை இரவு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் உங்களுக்குப் பிடித்த அதே பத்துப் பாட்டுகள்தான் கண்ணில் படும். செவ்வாய்க்குள் போதகரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள்: வேதபகுதி எது, செய்தியின் மையம் என்ன, செய்தி முடியும்போது மக்கள் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் தாமதமாக வரும். விடாமல் கேளுங்கள்.

எந்த ஞாயிறுக்கு எந்த வேதபகுதி என்று வகுத்த வாசக அட்டவணை உள்ள சபைகளில் இந்த வேலை பாதி முடிந்ததுபோல. கத்தோலிக்கத் திருச்சபையின் ஞாயிறு வாசகங்களும், பல சீர்திருத்த சபைகள் பின்பற்றும் 1992-ன் பொது வாசக அட்டவணையும் மூன்றாண்டுச் சுழற்சி. முதல் ஆண்டு மத்தேயு, அடுத்து மாற்கு, அடுத்து லூக்கா. மூன்று மாதத்துக்கு முன்பே பாட்டு யோசிக்கலாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானும் விழுந்திருக்கிறேன். செய்தி "அன்பு" பற்றி என்றால், "அன்பு" என்ற சொல் வரும் ஐந்து பாட்டுகளைக் கோத்துவிடுவது. தேடல் பெட்டியில் தட்டினால் கிடைப்பதற்கு ஆள் எதற்கு? பாட்டு செய்தியின் எதிரொலியாக இருக்க வேண்டியதில்லை, அதற்குப் பதிலாக இருக்கலாம். இளைய குமாரன் உவமையை எடுத்துக்கொள்ளுங்கள். போதகர் தூரதேசத்துப் பன்றித்தொழுவத்தில் நின்று பேசப்போகிறார் என்றால் மனந்திரும்புதலின் பாட்டு வேண்டும். தகப்பன் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வதைப் பேசப்போகிறார் என்றால் கிருபையின் பாட்டு. வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நிற்கும் மூத்தவனைப் பற்றி என்றால்? அப்போது ஆனந்தப் பாட்டு போட்டால் செய்தியே கெட்டுவிடும். உள்ளத்தைச் சோதிக்கக் கேட்கும் ஜெபப்பாட்டுதான் சரி. வேதபகுதி ஒன்று, பாட்டு மூன்று விதம். அதனால்தான் போதகரிடம் கேட்கச் சொல்கிறேன்.

2. ஆராதனையின் எந்த இடத்துக்குப் பாட்டு?

எந்தச் சபையாக இருந்தாலும் ஆராதனைக்கு ஓர் ஓட்டம் இருக்கிறது. கூடிவருகிறோம், பாவத்தை அறிக்கையிடுகிறோம், வசனம் கேட்கிறோம், பதில் சொல்கிறோம், பந்தியில் சேர்கிறோம், அனுப்பப்படுகிறோம். ஒவ்வோர் இடத்துக்கும் பாட்டு செய்யும் வேலை வேறு.

முதல் பாட்டு எல்லாருக்கும் தெரிந்ததாக இருக்கட்டும். மக்கள் இன்னும் செருப்பைக் கழற்றிக்கொண்டும் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டும் இருப்பார்கள். புதுப் பாட்டை அங்கே போடவே கூடாது. அறிக்கைக்குப் பின் வரும் பாட்டு மன்னிப்பைச் சொல்ல வேண்டும்; குற்ற உணர்விலேயே ஆளை நிறுத்திவிட்டு அடுத்ததுக்குத் தாவக்கூடாது. திருவிருந்து நேரத்தில் மக்கள் நடந்துகொண்டிருப்பார்கள், கையில் புத்தகம் இருக்காது. அங்கே ஐந்து சரணப் பாட்டு தோற்கும், சின்னப் பல்லவி மனதில் நிற்கும். காணிக்கைப் பாட்டு சில்லறை எண்ணும் நேரத்துக்கான பின்னணி இசையாகிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. நான் அங்கே குழந்தைகளுக்குத் தெரிந்த பாட்டைப் போடுவேன், அவர்கள் சபையை இழுத்துக்கொண்டு போவார்கள்.

செய்திக்குப் பின் வரும் பாட்டுதான் எல்லாவற்றிலும் கடினம். ஒரே பாட்டுக்கு மட்டும்தான் நேரம் ஒதுக்க முடியும் என்றால் இதற்கு ஒதுக்குங்கள். நான் பட்டியலை இதிலிருந்துதான் எழுதத் தொடங்குகிறேன், பின்னோக்கிப் போகிறேன்.

கத்தோலிக்கத் திருப்பலியில் இந்த இடங்களுக்குப் பெயரே உண்டு: வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல். அதில் பதிலுரைப் பாடல் அன்றைய வாசகத்தோடு கட்டுண்ட திருப்பாடல், அதாவது சங்கீதம். அந்த இடத்தில் இஷ்டத்துக்கு ஒரு பக்திப் பாட்டைச் செருகுவது சரியல்ல. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் அல்லேலூயாவும் "உன்னதங்களிலே" என்று தொடங்கும் புகழ்ப்பாடலும் விடப்படும். வார நாள்களில் வரும் பெருவிழா போன்ற ஓரிரு நாள்களில் உன்னதங்களிலே மட்டும் திரும்பும். அந்த நாற்பது நாள் பசிதான் ஈஸ்டர் அல்லேலூயாவுக்கு ருசி. மற்ற சபைகளும் இதைக் கடன் வாங்கலாம். இன்னொன்று: ஈஸ்டர் காலம் பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள். உயிர்த்தெழுதல் பாட்டுகளை ஒரே ஞாயிற்றில் கொட்டித் தீர்த்துவிட்டு அடுத்த வாரம் மறந்துவிடுகிறோம். ஏழு வாரத்துக்குப் பிரித்துப் பாடுங்கள்.

3. மெட்டை எடுத்துவிட்டுச் சொற்களைப் படியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிடச் சொல்வேன். பாட்டு வரிகளை ஒரு தாளில் எழுதி, மெட்டு இல்லாமல், செய்தித்தாள் வாசிப்பதுபோல் சத்தமாக வாசியுங்கள். மெட்டின் இனிமையில் மறைந்திருந்த ஓட்டைகள் தெரியும். சில பாட்டுகளில் மூன்று நிமிடம் முழுக்க எதுவுமே சொல்லப்படவில்லை என்பது அப்போதுதான் பிடிபடும்.

நான் தேடுவது முதலில் இது: இந்தப் பாட்டு யாரிடம் பேசுகிறது? சில பாட்டுகள் "நீர்" என்று கடவுளிடம் பேசும். சில "அவர்" என்று கடவுளைப் பற்றிப் பேசும். சில "வாருங்கள்" என்று பக்கத்திலிருப்பவரை அழைக்கும். 103-ம் சங்கீதம்போல "என் ஆத்துமாவே" என்று தனக்குத்தானே சொல்வதும் உண்டு. எல்லாமே நல்லவைதான். ஆனால் ஐந்து பாட்டும் அழைப்பாகவே இருந்தால் யாரும் கடவுளிடம் ஒரு வார்த்தை பேசாமலே வீட்டுக்குப் போகிறோம்.

தமிழ் இதில் நமக்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. "நாம்" என்றால் கேட்பவரும் சேர்த்தி. "நாங்கள்" என்றால் கேட்பவர் நீங்கலாக. கடவுளைப் பார்த்து "நாம் பாவிகள்" என்று பாடினால் அவரையும் சேர்த்துக்கொண்ட கணக்கு. மொழிபெயர்த்த பாட்டுகளில் இந்தத் தவறு அடிக்கடி வருகிறது, ஏனென்றால் மூலமொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். "நான்" என்று மட்டும் பேசும் பாட்டுகளையும் எண்ணிப்பாருங்கள். சங்கீதங்களே "நான்" என்று நிறையப் பேசுகின்றன, தவறில்லை. பட்டியல் முழுக்க "நான், என், எனக்கு" என்றே போனால் ஏதோ தனியறையில் இருப்பதுபோல் ஆகிவிடும், அவ்வளவுதான்.

அடுத்து, சொல்வது உண்மையா? "எனக்கு இனி கண்ணீரே இல்லை" என்ற பொருளில் ஒரு வரி வந்தால், போன வாரம் கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் பெண் அதை எப்படிப் பாடுவார்? வேதாகமம் அப்படி வாக்குக் கொடுக்கிறதா, எப்போதைக்குக் கொடுக்கிறது? வெற்றி, ஆசீர்வாதம், உயர்வு என்றே ஓடும் பாட்டுகளை இந்தக் கேள்வியோடு படியுங்கள். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்கள் கணிசமாக இருக்கின்றன. 13-ம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்ற கேள்வியில் தொடங்கித் துதியில் முடிகிறது. 88-ம் சங்கீதமோ இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் கடவுள் ஜனம் பாடியது. உங்கள் சபையின் பாட்டுப் பட்டியலில் ஒரு புலம்பல் பாட்டாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துக்கத்தில் இருப்பவர்களுக்கு நீங்கள் பாட வார்த்தை கொடுக்கவில்லை.

திரும்பத் திரும்ப வருவதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு 136-ம் சங்கீதத்தைக் காட்டலாம்: 26 வசனம், ஒவ்வொன்றின் முடிவிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது". ஆனால் அங்கே முன்பாதி ஒவ்வொரு முறையும் நகர்கிறது. வானம், எகிப்து, கடல், வனாந்தரம் என்று கதை வளர்கிறது. பல்லவி திரும்பும்போது புதிதாக ஏதாவது சேர்ந்திருந்தால் திரும்பட்டும். ஒரே வரி பன்னிரண்டு முறை வெறுமனே சுழன்றால் நான்கு போதும் என்று குழுவிடம் சொல்லிவிடுங்கள்.

பழைய பாட்டுகளுக்கு வேறு சிக்கல். நிமலன், தற்பரன், சருவேசுரன் போன்ற சொற்கள் இளையவர்களுக்கு வெறும் ஓசை. அதற்காகப் பாட்டைத் தூக்கி எறிய வேண்டாம். பாடுவதற்கு முன் ஒரே வாக்கியம்: "நிமலன் என்றால் மாசற்றவர்." முடிந்தது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதும் அதுதான்: "ஆவியோடு பாடுவேன், கருத்தோடும் பாடுவேன்."

4. மெட்டு சபையின் தொண்டைக்குள் நிற்குமா?

பயிற்சி இல்லாத பெண்குரல் சிரமப்படாமல் பாடக்கூடியது, கீபோர்டின் நடு சி-க்குக் கீழே இருக்கும் ஏ அல்லது பி-யிலிருந்து அடுத்த ஸ்தாயியில் இருக்கும் டி வரை. ஆண்கள் அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. மொத்தம் பத்து, பதினோரு வெள்ளைக் கட்டைகள், அவ்வளவுதான் உங்களுக்கு இடம். காலை ஆராதனை என்றால் குரல் இன்னும் எழுந்திருக்காது. மேலே ஒரு சுரம் குறைத்தே கணக்குப் போடுங்கள்.

ஒரு உதாரணம். ஒரு பாட்டு கீழ் ஸட்ஜத்தில் (ஸ) தொடங்கி மேல் பஞ்சமம் (ப) வரை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏ ஸ்கேலில் பாடினால் உச்சம் ஈ, சபை எட்டாது. ஜி-க்கு இறக்கினால் உச்சம் டி, சரி. ஆனால் தொடக்கம் கீழ் ஜி-க்குப் போய்விட்டது, பெண்களுக்கு அங்கே குரலே வராது. மேலும் இடிக்கிறது, கீழும் இடிக்கிறது. இப்படி எந்த ஸ்கேலிலும் அடங்காத பாட்டு தனிக்குரலுக்காக எழுதப்பட்டது. விட்டுவிடுங்கள், அல்லது பல்லவியை மட்டும் சபைக்கும் சரணத்தைத் தனிக்குரலுக்கும் பிரித்துக்கொடுங்கள்.

அடங்கும் பாட்டுகளுக்கு ஸ்கேலை மாற்றத் தயங்காதீர்கள். பதிவில் பாடியவர் உயரமான ஆண்குரல். அவருடைய ஸ்கேல் அவருக்கானது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, கிட்டாரில் கேப்போ இருக்கிறது. "பாட்டின் உணர்வு போய்விடும்" என்று வாசிப்பவர்கள் முனகுவார்கள். சபை வாயை மூடினால் எல்லாமே போய்விடும் என்று சொல்லுங்கள்.

உச்ச சுரம் மட்டும் போதாது. அது எத்தனை முறை வருகிறது என்றும் பாருங்கள். ஒரே ஒரு முறை தொட்டுவிட்டு வரும் டி பரவாயில்லை. முழுப் பல்லவியும் அங்கேயே உட்கார்ந்திருந்தால் மூன்றாவது சரணத்தில் எல்லாருக்கும் தொண்டை கட்டும்.

தாளத்துக்கு ஒரு எளிய சோதனை: இசை தெரியாத ஒருவருக்குப் பாட்டை இரண்டு முறை கேட்கவைத்து, மூன்றாம் முறை அவரைக் கைதட்டிப் பாடச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறாரோ அங்கேதான் சபையும் தடுக்கும். அடி தொடங்குமுன் வரும் அரை எண்ணிக்கை இடைவெளி, சரணத்துக்குச் சரணம் மாறும் அசை எண்ணிக்கை, இவை இரண்டும்தான் பெரும்பாலும் காலை வாரும்.

தமிழில் வரும் சிக்கல் ஒன்று உண்டு, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நமக்குக் குறிலும் நெடிலும் வேறு எழுத்து, வேறு பொருள். குறில் எழுத்தின் மேல் நீண்ட சுரம் விழுந்தால் சொல்லே மாறிவிடும். "பரம்" என்று எழுதியதைச் சபை "பாரம்" என்று பாடும். "வரம்" வாரமாகும். "மனம்" மானமாகும். "பலன் தருவார்" என்பது "பாலன் தருவார்" என்று ஒலித்தால் கிறிஸ்துமஸ் தவிர வேறு நாளில் சரிப்படாது. வேறு மொழி மெட்டில் தமிழ்ச் சொல்லைத் திணித்த பாட்டுகளில் இது ஏராளம். சொல்லை நடுவில் வெட்டி மூச்சு விடவைக்கும் மெட்டும் இதே ரகம். சொல்லை ஒட்டியே பிறந்த மெட்டு என்பதால் கீர்த்தனைகளில் இந்தத் தொல்லை குறைவு.

பாட்டின் சொல் நன்றாக இருந்து மெட்டு சரியில்லை என்றால் பாமாலை (மேல்நாட்டு ராகங்களில் பாடும் சபைப் பாட்டுகள்) பாடுபவர்களிடம் ஒரு வித்தை இருக்கிறது. 8.6.8.6 என்று பாட்டின் தலையில் போட்டிருக்கும் எண்கள் ஒவ்வோர் அடியின் அசை எண்ணிக்கை. அதே எண் கொண்ட வேறு தெரிந்த ராகத்தில் அந்த வரிகளைப் பாடலாம். பாடிப்பார்த்து, குறில்-நெடில் இடறாமல் இருந்தால் மட்டும்.

5. தெரிந்ததும் புதியதும்

கணக்கு போட்டுப் பாருங்கள். வாரம் ஐந்து பாட்டு, வருடம் 52 வாரம்: 260 இடங்கள். ஒரு பாட்டு வருடத்துக்கு நான்கைந்து முறை வந்தால்தான் மனப்பாடமாகும். அப்படியென்றால் உங்கள் சபைக்கு வேண்டிய மொத்தப் பாட்டுகள் சுமார் அறுபது. கையில் முந்நூறு பாட்டுப் பட்டியல் இருந்தால் பெரும்பாலானவற்றைச் சபை எப்போதுமே அரைகுறையாகத்தான் பாடிக்கொண்டிருக்கும்.

அதனால் புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். சொல்லிக்கொடுக்கும் முறை இது: முதல் வாரம் குழு மட்டும் பாடட்டும், காணிக்கை நேரத்தில். இரண்டாம் வாரம் ஆராதனை தொடங்குமுன் ஐந்து நிமிடம் பல்லவியைச் சொல்லிக்கொடுத்து, பிறகு நடுவில் பாடுங்கள். மூன்றாம் வாரமும் பாடுங்கள். நான்காம் வாரம் விட்டுவிடுங்கள். ஐந்தாம் வாரம் திரும்பக் கொண்டுவரும்போது மக்கள் தாங்களே எடுத்தால் பாட்டு தேறியது. எடுக்கவில்லையா? இன்னொரு முறை முயன்று பார்த்துவிட்டு, கௌரவம் பார்க்காமல் கைவிடுங்கள். நான் அந்த ஆறு வாரப் பாட்டை இழுத்தது கௌரவத்தால்தான்.

பாமாலையா, கீர்த்தனையா, துதிப்பாட்டா என்ற சண்டை எல்லாச் சபையிலும் உண்டு. முதியவர்களுக்கு ஓர் ஆராதனை, இளைஞர்களுக்கு ஓர் ஆராதனை என்று பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை. பதினெட்டு வயதுப் பையன் தாத்தா சாகும்போது பாட ஒரு பாட்டு கற்றுக்கொள்ள வேண்டும். தாத்தாவும் பேரனின் ஜெபத்தை ஒரு முறையாவது பாடிப் பார்க்கட்டும். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு வகையும் வரட்டும், பங்கு சரிசமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

6. கோக்கும் முறை

தேர்ந்த பாட்டுகளைத் தொடர்ச்சியாகப் பாடும் இடங்களில் ஸ்கேலைப் பாருங்கள். டி-யிலிருந்து ஜி-க்கோ ஏ-க்கோ போவது சுலபம். டி-யிலிருந்து ஈ பிளாட்டுக்குத் தாவினால் வாசிப்பவர் நிறுத்தித்தான் எடுக்க வேண்டும். அப்படி நிற்கும் இடத்தில் ஒரு வசனம் வாசித்தால் தாவியதே தெரியாது. வேகத்தையும் படிப்படியாக இறக்குங்கள். நான்கு துள்ளல் பாட்டுக்குப் பிறகு திடீரென்று ஜெபப்பாட்டு என்றால் மனம் கூடவே வராது.

இடையில் பேச்சு வேண்டாம். பாட்டுக்கு முன் ஒரு வாக்கியம் போதும்; இரண்டாவது செய்தி தேவையில்லை.

7. திரையும் உரிமையும்

திரையில் போடும் வரிகளை வேறொருவர் பிழை பார்க்கட்டும். சொல்லை அடி முடிவில் உடைக்காதீர்கள். ஒரு மூச்சுக்கு ஒரு வரி. ஒரு காட்சியில் நான்கு வரிக்கு மேல் வேண்டாம். கடைசி அடியைப் பாடும்போதே அடுத்த காட்சி வந்துவிட வேண்டும், பாடி முடித்த பிறகல்ல.

பாட்டு வரிகளை அச்சடிப்பதற்கும் திரையில் காட்டுவதற்கும் பதிப்புரிமை உண்டு என்பதைப் பல சபைகள் கண்டுகொள்வதில்லை. இந்தியாவில் எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள், வேறு பல நாடுகளில் 70 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. மூலப்பாட்டு பழையதாக இருந்தாலும் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். பல நாடுகளில் சிசிஎல்ஐ போன்ற அமைப்புகள் சபைகளுக்கு மொத்தமாக அனுமதி தருகின்றன. அவர்கள் பட்டியலில் உங்கள் பாட்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எழுதியவரிடமே கேட்கலாம். நேரலையில் ஒளிபரப்புவதற்குப் பெரும்பாலும் தனி அனுமதி வேண்டும்.

8. ஞாயிறு, அதற்குப் பிறகு

ஒவ்வொரு ஆராதனையிலும் ஏதாவது ஒரு சரணத்தில் வாத்தியங்களை நிறுத்தச் சொல்லுங்கள். மின்சாரம் போகும்வரை காத்திருக்க வேண்டாம். முன்னால் நிற்பவர்களும் மைக்கிலிருந்து ஓரடி விலகி நிற்கட்டும். சபை பாட்டைத் தாங்குகிறதா இல்லையா என்பது அந்த முப்பது நொடியில் தெரிந்துவிடும். முதல் முறை குழுவுக்குப் பயமாக இருக்கும், மூன்றாம் முறை அதற்காகவே காத்திருப்பார்கள்.

நேரம் போய்விட்டது என்று தெரிந்தால் எல்லாப் பாட்டையும் வேகமாக ஓட்டாதீர்கள். ஒன்றை வெட்டுங்கள். எதை வெட்டுவது என்று முன்கூட்டியே பட்டியலில் குறித்துவையுங்கள். பாட்டின் நடுச் சரணத்தை வெட்டும்போது மட்டும் கவனம். பல பாட்டுகளில் சிலுவை மூன்றாம் சரணத்தில்தான் இருக்கும், அதை விட்டுவிட்டு நேராகப் பரலோகம் போய்விடுவோம்.

சாயங்காலம் ஒரு நோட்டில் நான்கு விஷயம் எழுதுகிறேன்: தேதி, பாட்டு, ஸ்கேல், சபை பாடியதா. கடைசிக் கட்டத்தில் "ஆம்", "இல்லை", "பல்லவி மட்டும்" என்று மூன்றில் ஒன்று. வருடக் கடைசியில் புரட்டிப் பார்த்தால் எந்தப் பாட்டை ஓவராகப் பாடியிருக்கிறேன், எதைப் பாட மறந்தேன், எந்தப் பாட்டுக்கு அரை ஸ்கேல் இறக்க வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அந்தப் பாட்டி எடுத்த கீர்த்தனை என் நோட்டில் அதற்கு முந்தைய இரண்டு வருடமும் இல்லை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறது, டி ஸ்கேலில்.